மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோய்: சத்திரசிகிச்சைக்குப் போவதா, கீமோவும் கதிரும் போதுமா?

சத்திரசிகிச்சை நிபுணர் "எடுத்துவிடலாம்" என்றிருப்பார். இரண்டு நாள் கழித்துச் சனல் பண்ணி (தனியாகப் பணம் கட்டி நேரம் பதிந்து) பார்த்த புற்றுநோய் நிபுணர் "வெட்டத் தேவையில்லை, கீமோவும் கதிரும் போதும்" என்றிருப்பார். ரிப்போர்ட் கட்டை வைத்துக்கொண்டு வீட்டார் யாரை நம்புவது என்று தெரியாமல் இருப்பார்கள். இந்த நிலையில் உள்ளவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். மூன்றாம் நிலை என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல நிலைமைகள் கிடக்கின்றன. ஏழு சென்ரிமீற்றரைத் தாண்டிய கட்டி, ஒரு நிணநீர்க் கணுவையும் தொடாமல் இருந்தாலும் 3ஏ. இரண்டு சென்ரிமீற்றர் கட்டி எதிர்ப்பக்கக் கணுவுக்குத் தாவிவிட்டால் அது 3பி. முதலாமவருக்குச் சத்திரசிகிச்சை நல்ல வழி. இரண்டாமவருக்கு வெட்டியும் பயனில்லை. ஆகவே "மூன்றாம் நிலைக்கு வெட்டலாமா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. என்ன அளவுக் கட்டி, எந்தக் கணு, எவ்வளவு நுரையீரல் போகும் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

இங்கே பேசுவது சிறுகலம் அல்லாத வகையைப் பற்றி மட்டும். பயொப்சியில் சிறுகல வகை என்று வந்திருந்தால் இந்த நிலையில் சத்திரசிகிச்சைக்கு இடமில்லை, கீமோவும் கதிரும்தான். அதேபோல நெஞ்சறையில் நீர் கட்டியிருந்தால் அதை ஊசியால் எடுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். நீரில் புற்றுக் கலம் இருந்தால் அது நான்காம் நிலை. கணக்கே வேறு.

## எதைப் பார்த்து முடிவெடுப்பது

கணுக்கள். எல்லாவற்றுக்கும் முதல் இதுதான். கட்டி இருக்கும் நுரையீரலின் உள்ளேயும் வேரடியிலும் உள்ள கணுக்களில் மட்டும் நோய் இருந்தால் என்1. அதே பக்கத்து நடுநெஞ்சுக் கணுக்களிலோ மூச்சுக்குழாய் பிரியும் இடத்துக்குக் கீழுள்ள கணுவிலோ இருந்தால் என்2. எதிர்ப்பக்கத்துக்கோ கழுத்தெலும்புக்கு மேலேயோ போயிருந்தால் என்3. என்3 என்றால் சத்திரசிகிச்சைப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். குழப்பமெல்லாம் என்2 இல்தான். 2025 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்பதாவது வகைப்படுத்தல் என்2 ஐ இரண்டாகப் பிரித்திருக்கிறது: ஒரே ஒரு கணு நிலையத்தில் (கணுக்கள் கூட்டமாக இருக்கும் ஓர் இடத்தில்) மட்டும் நோய் இருந்தால் என்2ஏ, ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் இருந்தால் என்2பி. சத்திரசிகிச்சைக்கு வாய்ப்புள்ளது பெரும்பாலும் முதலாவதற்கே.

ஸ்கேனில் கணு ஒளிர்ந்தால் அது புற்று என்று முடிவு கட்டுவதே நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. பெட்-சிடியில் (உடலில் சுறுசுறுப்பாக இயங்கும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேனில்) புற்று மட்டும் ஒளிர்வதில்லை. பழைய காசநோய், சார்கொயிடோசிஸ் என்ற அழற்சி நோய், பக்கத்திலிருக்கும் நிமோனியா எல்லாம் கணுவை ஒளிர வைக்கும். அந்த ஒளிர்வை நம்பியே ஒருவருக்கு "வெட்ட முடியாது" என்று சொல்லிவிட்டால் நல்ல வாய்ப்பு ஒன்று கைநழுவிப் போகும். மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் முனையை இறக்கி, கணுவை ஊசியால் குத்தி மாதிரி எடுக்கும் ஈபஸ் சோதனையில் கலம் கிடைத்தால்தான் அது என்2. மறுபக்கமும் உண்டு: கணு பெரிதாக ஒளிர்ந்தும் ஈபஸில் ஒன்றும் இல்லை என்று வந்தால், கழுத்தடியில் சிறு கீறல் போட்டுச் செய்யும் மீடியாஸ்டினொஸ்கொபியால் அதை உறுதி செய்ய வேண்டும். மூளைக்கு எம்ஆர்ஐயும் கட்டாயம். தலைவலி இல்லையென்பதற்காக அதைத் தவிர்க்க முடியாது.

எவ்வளவு எடுக்க வேண்டிவரும். ஒரு மடலை (நுரையீரலின் பெரும் பிரிவுகளில் ஒன்றை) எடுப்பதும் ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் எடுப்பதும் பெயரளவில்தான் ஒரே சத்திரசிகிச்சை. மடலை மட்டும் எடுத்தால் இறப்பு ஆபத்து நல்ல வைத்தியசாலைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை. முழு நுரையீரல் என்றால் ஐந்து முதல் பத்து வரை போகும், வலப்பக்கம் அதிலும் மோசம். கீமோவும் கதிரும் கொடுத்துவிட்டுச் சத்திரசிகிச்சை செய்வதா, அவற்றோடு நிறுத்துவதா என்று ஒப்பிட்ட இன்டர்குரூப் 0139 ஆய்வு 2009 இல் வெளியானது. அதில் முழு நுரையீரல் எடுக்கப்பட்ட 54 பேரில் 14 பேர் சிகிச்சையின் விளைவாலேயே இறந்தார்கள். மொத்தத்தில் இரு தரப்பாரின் ஆயுளும் ஏறத்தாழ ஒன்றுதான்: நடுப்புள்ளி (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு 23.6 மாதம், செய்யாதவர்களுக்கு 22.2 மாதம். ஆனால் பிரித்துப் பார்த்தபோது மடல் மட்டும் எடுத்தவர்கள் சத்திரசிகிச்சை செய்யாத ஒப்பானவர்களைவிடக் கூடுதல் காலம் இருந்தார்கள், முழு நுரையீரல் இழந்தவர்கள் குறைந்த காலமே இருந்தார்கள். அன்றைக்குப் பிறகு மயக்க மருந்தும் தீவிர சிகிச்சையும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆயினும் வலது நுரையீரல் முழுவதும் போகும் என்றால் கதிர்ப்பக்கம் சாய்வதே புத்தி என்பது எங்கள் நிலைப்பாடு.

மூச்சு மிச்சம். இதை நீங்களே வீட்டில் ஓரளவுக்குக் கணக்கிடலாம். இரு நுரையீரலிலும் சேர்த்து 19 துண்டங்கள். வலது மேல்மடலில் 3, நடுமடலில் 2, கீழ்மடலில் 5. இடது மேல்மடலில் 5, கீழ்மடலில் 4. ஊதும் சோதனை ரிப்போர்ட்டில் எஃப்ஈவி1 (முதல் ஒரு செக்கனில் ஊதும் காற்றின் அளவு) என்று ஓர் எண் இருக்கும். அது 1.8 லீட்டர், அவரது வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியது 2.4 லீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வலது மேல்மடலை எடுத்தால் மிஞ்சுவது 19 இல் 16 பங்கு, அதாவது 1.5 லீட்டர், இருக்க வேண்டியதில் 63 வீதம். தாங்கும். வலது நுரையீரல் முழுவதும் போனால் 19 இல் 9 பங்கு: 0.85 லீட்டர், 36 வீதம். மாடிப்படி ஏறுவதே சிரமமாகிவிடும். ஒக்சிசன் இரத்தத்துக்குள் எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் டிஎல்சிஓ எண்ணுக்கும் இதே கணக்கைப் போட வேண்டும். ஊதும் சோதனை நன்றாக வந்து டிஎல்சிஓ விழுந்து கிடக்கும் பழைய புகையாளர்கள் நிறையப் பேர்.

மிஞ்சுவது 60 வீதத்துக்கு மேல் என்றால் பெரிய கவலையில்லை. 30க்கும் 60க்கும் இடையில் என்றால் நடக்கவோ படியேறவோ வைத்துப் பார்ப்பார்கள். 22 மீற்றர் உயரம், அதாவது ஏறத்தாழ ஏழு மாடி, நிற்காமல் ஏறினால் நல்ல அறிகுறி. 30க்குக் கீழ் என்றால் சைக்கிள் மிதிக்க வைத்து ஒக்சிசன் பாவனையை அளக்கும் சோதனை வேண்டும். அதில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மில்லிலீட்டருக்குக் குறைந்தால் சத்திரசிகிச்சை வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள்: கட்டி மூச்சுக்குழாயை அடைத்து அந்த மடல் ஏற்கெனவே சுருங்கிக் கிடந்தால் அதை எடுப்பதால் புதிதாக இழப்பது குறைவு. துண்டக் கணக்கு அங்கே தேவைக்கு மேல் பயமுறுத்தும்.

கட்டியின் மரபணு. ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களின் மாற்றங்களும் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவும் தெரியாமல் முதல் ஊசி போடக்கூடாது. புகைக்காத, அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று வந்த ஆசியர்களிடையே ஈஜிஎஃப்ஆர் மாற்றம் சாதாரணம். அப்படிப்பட்டவர்களுக்கு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து) பெரிதாக உதவுவதில்லை. அதைக் கொடுத்த கையோடு ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி ஆபத்தும் கூடும். அவசரப்பட்டு இம்யூனோதெரபியைத் தொடங்கிவிட்டு, மூன்று வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத் தவிப்பது தவிர்க்கக்கூடிய அவலம்.

முடிக்க முடியுமா. எந்த வழியும் பாதியில் நின்றால் அதன் பலன் போய்விடும். மருந்துச் செலவு, போக்குவரத்து, கூட இருக்க ஓர் ஆள், சீனி வியாதி, சிறுநீரகம் எல்லாம் இந்த அளவுகோலுக்குள் வரும்.

## வழி ஒன்று: மருந்து முதலில், பிறகு சத்திரசிகிச்சை

இன்றைக்கு "வெட்டலாம்" என்று சொல்லப்படும் மூன்றாம் நிலைக்காரர் பெரும்பாலோருக்கும் பொருந்தும் ஒழுங்கு இது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று தவணை கீமோவும் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும், பிறகு மறு ஸ்கேன், ஆறு வாரத்துக்குள் சத்திரசிகிச்சை. 2022 இல் வெளியான செக்மேட் 816 ஆய்வில் இப்படிக் கொடுத்தவர்களில் 24 வீதத்தினருக்கு, வெட்டி எடுத்த நுரையீரலிலும் கணுக்களிலும் உயிருள்ள புற்றுக் கலம் ஒன்றுகூட இல்லை. கீமோ மட்டும் எடுத்தவர்களில் அது 2.2 வீதம். ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்கள் 65 வீதம், கீமோ மட்டும் என்றால் 55 வீதம். அதே ஆய்வில் 83 வீதத்தினர்தான் சத்திரசிகிச்சை வரை வந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மற்றவர்கள் நோய் வளர்ந்ததாலோ உடல் தாங்காததாலோ மனம் மாறியதாலோ வரவில்லை. "மூன்று ஊசிக்குப் பிறகு வெட்டுவோம்" என்பது உத்தரவாதம் இல்லை.

கொழும்பில் கைக்காசு போட்டு மருந்து வாங்கும் குடும்பத்துக்கு இந்த வழியில் ஒரு சாதகம் உண்டு. விலை கூடிய மருந்து மூன்றே தவணை. கதிர் வழியில் போனால் டுர்வலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம், 13 தவணை வரை போகும். சத்திரசிகிச்சைக்குப் பின்னும் இம்யூனோதெரபியைத் தொடரும் முறைகள் இருக்கின்றன. அதைச் சிபாரிசு செய்தால் எத்தனை தவணை, மூன்று தவணைக்கு மேல் அதனால் என்ன கூடுதல் நன்மை என்று கேளுங்கள்.

எங்கே தவறுகிறது? மருந்துக்குப் பிறகு கணுக்கள் இரத்தக் குழாயோடு ஒட்டிப்போய் இறுகியிருக்கும். சிறு துளை வழியாகத் தொடங்கிய சத்திரசிகிச்சை நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையாக மாறலாம். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம், பாதுகாப்புக்காகச் செய்வது அது. முடிந்த பிறகு நெஞ்சுக்குழாயில் காற்றுக் கசிவு ஐந்து நாளுக்கு மேல் நிற்காமல் போகலாம். பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் இதயத்துடிப்பு தாறுமாறாகும், மருந்தால் அடங்கும். சளியை இருமி வெளியேற்றாதவர்களுக்கு நிமோனியா வரும். விலா இடுக்கில் நரம்பு வலி மாதக்கணக்கில் தொடர்வது பலர் எதிர்பாராத துன்பம். குளிக்கும்போது தண்ணீர் பட்டாலே எரியும். கபாபென்டின், பிரெகாபலின் போன்ற மருந்துகள் இதற்கு உண்டு, ஆகவே "வெட்டினால் வலிக்கத்தானே செய்யும்" என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

முன்னாயத்தம் வீட்டில்தான் நடக்கிறது. சிகரெட்டோ பீடியோ குறைந்தது நான்கு வாரத்துக்கு முன் முழுவதுமாக நிற்க வேண்டும், "குறைத்துக்கொண்டார்" என்பது கணக்கில் வராது. மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியை விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்துத் தடவை இழுக்கப் பழக வேண்டும். தினமும் காலிமுகத்திடலிலோ வெள்ளவத்தைக் கடற்கரையிலோ மூச்சு வாங்கும் அளவுக்கு அரை மணி நடை. கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெதசோன் சீனியை ஏற்றிவிடும். காயம் ஆற அது தடையாகும், ஆகவே அளந்து குறித்து வையுங்கள்.

இது மேலான தெரிவாவது யாருக்கு: கணுவில் பரவாத அல்லது என்1 மட்டும் உள்ள பெரிய கட்டிக்காரருக்கு, ஒரே நிலையத்தில் சிறிய என்2 உள்ளவருக்கு, ஒரு மடலோடு வேலை முடியும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்கேனைக் காட்டிச் சொல்லக்கூடியவருக்கு. நுரையீரல் உச்சியில் தோளுக்குப் போகும் நரம்பைத் தொட்டு நிற்கும் பன்கோஸ்ட் கட்டி தனி வகை. அதற்குக் கீமோவும் 45 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) கதிரும் முதலில், பிறகு சத்திரசிகிச்சை.

## வழி இரண்டு: கீமோவும் கதிரும் ஒன்றாக, பிறகு இம்யூனோதெரபி

ஒரு நாளைக்கு 2 கிரே, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 60 கிரே. அதே ஆறு வாரத்தில் கீமோவும் போகும். "இன்னும் கூட்டிக் கொடுத்தால் நல்லதுதானே" என்று சிலர் கேட்பார்கள். 74 கிரே கொடுத்துப் பார்த்த ஆய்வில் கூடுதலாகப் பெற்றவர்களே குறைந்த காலம் இருந்தார்கள்.

முடிந்ததும் நோய் வளரவில்லை என்றால் ஆறு வாரத்துக்குள் டுர்வலுமாப் தொடங்கி ஒரு வருடம். பசிபிக் ஆய்வில் அதை எடுத்தவர்களில் ஐந்து வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 42.9 வீதம், எடுக்காதவர்களில் 33.4 வீதம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே 65 வீதம், இங்கே 43 வீதம், ஆகவே வெட்டுவதே நல்லது என்று இணையத்தில் பலர் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு ஆய்வுகளிலும் சேர்க்கப்பட்டவர்கள் ஒரே வகையினர் அல்லர். முதலாவதில் வெட்டக்கூடியவர்கள் மட்டும், அவர்களில் இரண்டாம் நிலையிலும் அதற்கு முன்னும் இருந்தவர்களும் உண்டு. இரண்டாவதில் வெட்ட முடியாதவர்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கதிரின் சுமை மெதுவாக வரும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் விழுங்கும்போது நெஞ்சு எரியும். கஞ்சி, இடியப்பம் சொதியோடு, தயிர், நன்றாக வெந்த பருப்பு என்று மாற்றிக்கொள்ளலாம். சம்பல், மிளகு ரசம், சூடான தேநீர் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். எடை வாரத்துக்கு ஒரு கிலோ குறைந்தால் காத்திருக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். கீமோவையும் கதிரையும் ஒன்றாகக் கொடுப்பது அடுத்தடுத்துக் கொடுப்பதைவிட ஐந்து வருடத்தில் 4.5 வீதம் கூடுதல் பேரைக் காப்பாற்றுகிறது. ஆனால் கடுமையான விழுங்கல் எரிவு 4 இல் இருந்து 18 வீதமாக ஏறுகிறது. உடல் மெலிந்த வயதானவருக்கு அடுத்தடுத்துக் கொடுப்பதே பொருத்தமாக இருக்கலாம். அதைக் குறைந்த சிகிச்சை என்று எண்ணிச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை.

முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சு முட்டலும் லேசான காய்ச்சலும் வந்தால் அது கதிரால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். பக்கத்து டிஸ்பென்சரியில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் காலம் கடத்துவதுதான் இங்கே வழமையாக நடக்கும் தவறு. அதற்கு ஸ்டீரொயிட் வேண்டும், டுர்வலுமாபை நிறுத்தி வைக்கவும் வேண்டிவரலாம். இந்த ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட ஓர் எண் உண்டு: 20 கிரேக்கு மேல் வாங்கும் நுரையீரல் 35 வீதத்தைத் தாண்டக்கூடாது. திட்டம் போட்ட பிறகு அந்த எண் என்ன என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டி மிகப் பெரிதாக இருந்து அந்த எண் 40ஐத் தொட்டால், முதலில் கீமோ கொடுத்துச் சுருக்குவதா என்ற பேச்சு வரும்.

கதிரில் இன்னொரு மறைவான விலை: 60 கிரே முடிந்த பிறகு மிஞ்சியதை வெட்டுவது மிகக் கடினம், ஆபத்தும் கூட. அதாவது வழி ஒன்றில் இருந்து வழி இரண்டுக்கு மாறலாம், திரும்பி வருவது அரிது. "இப்போதைக்குக் கதிர் கொடுப்போம், தேவைப்பட்டால் பிறகு வெட்டுவோம்" என்று யாராவது சொன்னால் சத்திரசிகிச்சை நிபுணர் அதற்கு உடன்பட்டாரா என்று கேளுங்கள்.

இது மேலான தெரிவாவது யாருக்கு: என்3 அல்லது பல நிலையங்களில் என்2 உள்ளவருக்கு, வெட்டினால் முழு நுரையீரலும் போகும் என்றவருக்கு, மூச்சு மிச்சம் போதாதவருக்கு, குரல் கம்மியவருக்கும் (குரல்நாண் நரம்பைக் கட்டி பிடித்திருந்தால் முழுவதையும் எடுப்பது அநேகமாக இயலாது).

## வழி மூன்று: நேரே சத்திரசிகிச்சை, மருந்து பிறகு

முன்பு இதுவே வழக்கம். இப்போது மூன்றாம் நிலை என்று முன்கூட்டியே தெரிந்தும் நேரே வெட்டுவதற்குக் காரணம் வேண்டும்: இரத்தம் கக்குதல், மடலுக்குள் சீழ் கட்டுதல், மருந்து கொடுக்க முடியாத உடல்நிலை. இரண்டாம் நிலை என்று எண்ணித் திறந்து, ஆய்வுகூட ரிப்போர்ட்டில் என்2 வந்தவர்களும் இந்த வரிசையில்தான் நிற்பார்கள். அவர்களுக்கு நான்கு தவணை கீமோ, அது ஐந்து வருடத்தில் கூடுதலாகக் காப்பாற்றுவது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில். முழுமையாக எடுத்தபின் எல்லோருக்கும் கதிர் கொடுப்பது இப்போது வழமை இல்லை. ஈஜிஎஃப்ஆர் உள்ளவருக்கு ஒசிமெர்டினிப் 80 மில்லிகிராம் தினமும், மூன்று வருடம். அடாவ்ரா ஆய்வில் இரண்டாம் நிலை முதல் 3ஏ வரை இருந்தவர்களில் அதை எடுத்த 85 வீதத்தினரும், எடுக்காத 73 வீதத்தினரும் ஐந்து வருடம் கடந்தார்கள்.

அதே மாத்திரை கதிர் வழியிலும் இப்போது உண்டு. 2024 இல் வந்த லாவ்ரா ஆய்வில் நோய் மறுபடி வளராமல் நின்ற காலம் 5.6 மாதத்தில் இருந்து 39.1 மாதமாக நீண்டது. செலவில் வித்தியாசம் இருக்கிறது: சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று வருடத்தோடு நிறுத்தலாம், கதிருக்குப் பிறகு நோய் வளரும்வரை நிறுத்துவதில்லை.

## பக்கம் பக்கமாக

| | மருந்து, பிறகு சத்திரசிகிச்சை | கீமோ-கதிர், பிறகு இம்யூனோதெரபி |
|---|---|---|
| கணுக்கள் | இல்லை, என்1, ஒரே நிலைய என்2 | பல நிலைய என்2, என்3 |
| முதன்மைச் சிகிச்சைக் காலம் | தேறும் காலத்தோடு ஏறத்தாழ ஐந்து மாதம் | ஆறு வாரம், அதன்பின் ஒரு வருட ஊசி |
| விலை கூடிய மருந்து | 3 தவணை, சில முறைகளில் கூடுதல் | 13 தவணை வரை |
| ஆபத்து கூடிய நேரம் | வெட்டிய முதல் மாதம் | மூன்றாம் வாரம் முதல் கதிர் முடிந்து ஆறு மாதம் வரை |
| நின்று வலிக்கும் பாதிப்பு | விலா நரம்பு வலி, மூச்சுக் குறைவு | நுரையீரல் தழும்பு, விழுங்கல் இறுக்கம் |
| தினசரிப் பயணம் | குறைவு | 30 நாள் |
| பின்வாங்க முடியுமா | கதிருக்கு மாறலாம் | வெட்டுக்கு மாறுவது அரிது |

## கொழும்பில் எங்கே, எப்படி

நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்கு அரச தரப்பில் முதலில் வரும் பெயர் வெலிசறையிலுள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை. கதிருக்கும் கீமோவுக்கும் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை. ஒன்று கொழும்புக்கு வடக்கே, மற்றது தென்கிழக்கே. இரண்டு இடத்தாரும் ஒரே நாளில் ஒரே ஸ்கேனைப் பார்த்துப் பேசினால்தான் முடிவு உறுதியாகும். "இந்த நோயாளியைப் பல்துறைக் கூட்டத்தில் வைத்தீர்களா, முடிவு என்ன" என்று கேட்டு, அதைக் கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் முதல் கீமோவைத் தொடங்குவதே எல்லாவற்றிலும் விலை கூடிய அவசரம். இதற்காக இரண்டு மூன்று வாரம் போவதால் குடி முழுகிவிடாது. இரண்டு மாதம் இழுத்தால் முதலில் எடுத்த ஸ்கேனே பயனற்றதாகிவிடும், நிலையும் மாறியிருக்கலாம்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கைக்காசு போவது வெளியில் செய்யும் மரபணுச் சோதனைக்கும், கையிருப்பில் இல்லாத மருந்துக்கும், த்ரீவீலருக்கும், கூட இருப்பவரின் சம்பளமில்லா லீவுக்கும். ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அரச ஊழியர் என்றால் அக்ரஹார காப்புறுதியையும் பாருங்கள். யாரோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தரும் மலிவு ஊசியை வாங்காதீர்கள். நிவோலுமாபும் டுர்வலுமாபும் 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டியவை, நம்முடைய வெயிலில் கிடந்தால் அவை கெட்டுப்போகலாம். பில், தொகுதி எண், காலிப் பெட்டி மூன்றையும் வைத்திருங்கள்.

வடக்கு, கிழக்கு, மலையகத்தில் இருந்து வருபவர்கள் வெள்ளவத்தையில் ஆறு வாரத்துக்கு அறை எடுப்பதற்கு முன் ஒன்றை யோசிக்கலாம். தெல்லிப்பழை, கண்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலும் கதிர்ச்சிகிச்சை உண்டு. திட்டத்தைக் கொழும்பில் முடிவு செய்து, 30 நாளை வீட்டுக்குப் பக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கதிர் நடுவில் நிற்பது பலனைக் குறைக்கும். பஸ் பயணக் களைப்பில் நாட்களைத் தவறவிடுபவர்களுக்கு அருகிலுள்ள இயந்திரமே நல்ல இயந்திரம்.

சென்னை, வேலூர் போவது பற்றி: இரண்டாவது அபிப்பிராயத்துக்கும், சிக்கலான சத்திரசிகிச்சைக்கும் அர்த்தமுண்டு. ஆறு வாரக் கதிருக்கு அங்கே தங்குவதில் பொதுவாக இல்லை. சிகிச்சை அங்கேயும் பின்கவனிப்பு இங்கேயும் என்று பிரிந்தால், நள்ளிரவில் காய்ச்சல் வரும்போது அங்கே என்ன கொடுத்தார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. போவதானால் சிடி, பெட் படங்களை டிஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பயொப்சியின் மெழுகுக் கட்டையையும் ஆய்வுகூடத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் ஊசி. நெஞ்சைத் திறந்தபின் உடனே விமானம் ஏற முடியாது, உள்ளே தங்கிய காற்று உயரத்தில் விரியும். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுவதும் விரிந்து, வைத்தியர் அனுமதி தந்தபின்தான். அதற்காகத் தங்கும் இரண்டு மூன்று வாரத்துக்கும் பணம் ஒதுக்குங்கள்.

## வீட்டில் எழும் இரண்டு தடைகள்

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சு எந்தக் குடும்பத்திலும் ஒரு மாமாவிடமாவது இருக்கும். காற்றுப் பட்டுப் புற்று பரவுவதில்லை. திறந்து பார்த்து முழுவதும் எடுக்க முடியாமல் மூடிய காலங்களில், ஏற்கெனவே பரவியிருந்த நோய் பிறகு வெளித்தெரிந்ததைப் பார்த்தவர்கள் சொல்லிவைத்தது அது. பெட்-சிடியும் ஈபஸும் ஒழுங்காகச் செய்வதே அதற்கு மறுமொழி.

அடுத்தது, அப்பாவிடம் சொல்லாமல் மறைப்பது. "சளிக்கட்டி" என்று சொல்லி வைத்திருக்கும் ஒருவரை மணிக்குப் பத்துத் தடவை மூச்சிழுக்கவும், நாற்பது வருடப் பீடியை இன்றோடு விடவும், மடலை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்து வைக்கவும் எப்படிக் கேட்பது? வெட்டா கதிரா என்பதில், ஒரு மாத ஆபத்தை ஒரேயடியாகத் தாங்குவதா, நீளமான சிரமத்தைச் சிறிது சிறிதாகத் தாங்குவதா என்ற விருப்பமும் கலந்திருக்கிறது. அது அவருடைய விருப்பமாக இருக்க வேண்டும். எல்லா எண்களையும் சொல்லத் தேவையில்லை, நோயின் பெயரையும் வழிகளையும் சொன்னால் போதும்.

## கிளினிக்குக்கு எடுத்துச் செல்ல வேண்டிய கேள்விகள்

கிளினிக்கில் பேச்சு பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமுமாக ஓடும். இரண்டும் தெரிந்த, பதற்றப்படாத ஒருவரைக் கூட்டிச் சென்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

- எந்தெந்தக் கணு நிலையங்களை ஊசியால் குத்திப் பார்த்தீர்கள், எதில் கலம் கிடைத்தது?
- ஒரு மடலா, இரண்டா, முழுவதுமா? மடலோடு முடியும் என்பதில் எவ்வளவு உறுதி?
- எடுத்தபின் எஃப்ஈவி1, டிஎல்சிஓ எத்தனை வீதம் மிஞ்சும்?
- இந்தச் சத்திரசிகிச்சையை நீங்கள் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?
- மரபணு ரிப்போர்ட் வந்துவிட்டதா? வராவிட்டால் இம்யூனோதெரபி இல்லாமல் கீமோவை மட்டும் தொடங்கலாமா?
- கதிர் என்றால் முதல் நாள் எந்தத் திகதி? கீமோவும் அன்றே தொடங்குமா?
- திறந்த பிறகு முழுவதையும் எடுக்க முடியாது என்று தெரிந்தால் மூடிவிட்டுக் கதிருக்கு அனுப்புவீர்களா, அல்லது முழு நுரையீரலையும் எடுப்பீர்களா?

கடைசிக் கேள்விக்கான பதில் சம்மதப் பத்திரத்தில் இருக்க வேண்டும். முழு நுரையீரலையும் எடுக்க உடன்பாடில்லை என்றால் அதைக் கையெழுத்துக்கு மேலே எழுதச் சொல்லுங்கள். மயக்கத்தில் கிடக்கும்போது கதவுக்கு வெளியே நிற்கும் மகனிடம் ஐந்து நிமிடத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அல்ல அது.